மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டிலில் தண்ணீர் இருக்கிறதா?

மார்ச் மாதம் பிறந்தால், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பாகு சுட்ட கைகளோடு சிலர் வருவார்கள். கனடாவின் கிழக்கு ஒன்ராறியோவில், லனார்க் பக்கம், தலைமுறையாக மேப்பிள் மரம் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. இரவில் உறைபனியும் பகலில் கொஞ்சம் வெயிலும் மாறி மாறி வந்தால்தான் மரத்தில் சாறு இறங்கும். ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் இந்த வேலை. சாறு அதிக நாள் தாங்காது. அதனால் பகலெல்லாம் வாளி சுமந்தவர்களே இரவிலும் அடுப்படியில் நிற்பார்கள்.

ஒரு லீட்டர் பாகுக்குச் சுமார் 40 லீட்டர் சாறு வற்ற வேண்டும். பல மணி நேரம் ஆவிதான் பறக்கும். ஏறத்தாழ 104 பாகை செல்சியஸில் பதம் வரும்போது நுரை சட்டென்று பொங்கி எழும். ஒரு துண்டு வெண்ணெய் போட்டு அடக்குவார்கள். அப்புறம் சூடாகவே வடிகட்டி, சூடாகவே போத்தலில் ஊற்ற வேண்டும். ஆட்கள் களைத்துப்போயிருக்கும் நேரமும் அதுதான். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும்: வெந்நீர் பட்டால் வழிந்துவிடும், பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். வடிதுணியைத் தூக்கும்போது கம்பளிக் கையுறையில் பாகு ஊறிவிட்டது. கொட்டிலில் குழாய் உறைந்து கிடந்ததால் தண்ணீர் ஊற்றவில்லை. மனைவி பதறிப்போய், நுரைக்கு வைத்திருந்த வெண்ணெயையே தடவியிருக்கிறார். விரல் வீங்கிவிட்டதால் மோதிரத்தை நாங்கள் வெட்டித்தான் எடுத்தோம். அந்தக் கை இன்றும் என் நினைவில் இருக்கிறது. உடனே தண்ணீர் கிடைத்திருந்தால் காயம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது.

அதனால் அடுப்பு மூட்டும் முன்பே சில வாளி குளிர்ந்த நீரை, உறையாத இடத்தில், கையெட்டும் தூரத்தில் வையுங்கள். சுட்டதும் அதை ஊற்றிக்கொண்டே வீட்டுக் குழாய்க்குப் போய், ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் முதலில் கை போவது அவற்றுக்குத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மோதிரம், கடிகாரம், நனைந்த உடுப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள். தாமதமாகிவிட்டதே என்று விடவும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குள் நீர் காட்டினாலும் பலன் உண்டு. முகம், கை, மூட்டு சுட்டாலோ, குழந்தைக்குச் சுட்டாலோ மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

பிள்ளைகள் அந்த வாசனைக்கு ஓடி வருவார்கள். வரட்டும், ஆனால் பாகு இறக்கும் நேரத்தில் அவர்களை வெளியே வைத்திருக்க ஒரு பெரியவர் வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: குளிருக்குப் பயந்து காராஜின் கதவைச் சாத்திவிட்டு விறகிலோ எரிவாயுவிலோ காய்ச்சாதீர்கள். அதில் வரும் கார்பன் மொனொக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், பாகு கருகினாலும் பரவாயில்லை, எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.