பினாங்கில் செரி ஏன் காய்க்காது?

கனடாவில் சஸ்கட்சுவான் பக்கம் இருக்கும் தங்கச்சி, போன ஜூலை கடைசியில் ஒரு படம் அனுப்பினாள். கொல்லையில் அவள் தலையுயரத்துக்கு ஒரு செரிச் செடி, கொத்துக் கொத்தாகக் கருஞ்சிவப்புப் பழம். கூடவே ஜனவரியில் எடுத்த படம்: பனிக்கு மேலே நாலு குச்சி, வெளியே மைனஸ் 38. அம்மா பார்த்ததும் கேட்டார், "நம்ம வீட்டுல ஒண்ணு வெச்சா வராதா?"

வராது. பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் வைத்துப் பார்த்தாயிற்று. 'இங்கேயும் காய்க்கும்' என்று ஆன்லைனில் அடித்துச் சொன்ன ஒருவரிடம் 80 ரிங்கிட்டுக்கு வாங்கிய கன்று. சாகவில்லை, அதுதான் வேடிக்கை. நுனியில் மட்டும் நாலு இலை, மற்ற மொட்டெல்லாம் பழுப்புச் செதில் போர்த்தி அப்படியே இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை. (நம் சாலையோரத்தில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் 'செரி' வேறு மரம், முந்திங்கியா. அசல் செரிக்கு அது உறவே இல்லை.)

சஸ்கட்சுவானில் உள்ள சஸ்கட்டூன் நகரில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. பினாங்கில் இந்த வித்தியாசம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அங்கே பகல் சுருங்கி, குளிரும் ஏற ஏற, செடி வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடிக்கொள்கிறது. மொட்டுக்குள் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள நுண்துளைகளைக் கேலோஸ் என்ற பொருள் அடைத்துவிடுவதால், 'வளர்' என்ற செய்தி உள்ளே போகாது. நடுவில் ரெண்டு நாள் வெயிலடித்தாலும் செடி ஏமாறாது, ஏனென்றால் அந்த அடைப்பு கரைய நீண்ட குளிர் வேண்டும். சுமார் 0 முதல் 7 டிகிரிக்குள் கழியும் நேரத்தைத்தான் விவசாயிகள் குளிர்மணி என்று கணக்கிடுகிறார்கள். புளிப்புச் செரிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மணி. நம் பினாங்கின் கொடிமலை உச்சியில் இரவில்கூட 20 டிகிரி பக்கம்தான். கேமரன் மலையும் போதாது.

சரி, மைனஸ் 38இல் எப்படிப் பிழைக்கிறது? குளிர் வருமுன்னே செல்லுக்குள் சர்க்கரை சேர்கிறது. முதலில் உறைவது செல்லுக்கு வெளியே உள்ள நீர். அது உள்ளிருக்கும் நீரையும் இழுத்துக்கொள்ள, செல்லில் மிஞ்சுவது வெல்லப்பாகு மாதிரி ஒரு கெட்டிக் கரைசல். கெட்டிப்பாகை உறைபெட்டியில் வைத்தாலும் அது கல்லாவதில்லையே, அப்படி. செரிப் பூமொட்டில் இன்னொரு தந்திரமும் உண்டு: செதில்களில் பனிக்கட்டி சேரும், உள்ளே இருக்கும் குட்டிப் பூவின் நீரோ உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும். ஆனால் பூ விரிந்த பிறகு இந்தக் கவசமெல்லாம் போய்விடும், மைனஸ் 2, 3 டிகிரியே போதும் பூ கருக.

இந்தக் குட்டைச் செடி தானாக வந்ததில்லை. 1940களில் லெஸ் கெர் என்பவர் புளிப்புச் செரியை, புதராக வளரும் மங்கோலியச் செரியோடு கலக்க ஆரம்பித்தார். சஸ்கட்சுவான் பல்கலைக்கழகம் அதைத் தொடர்ந்து 1999இல் கார்மைன் ஜுவல், 2004இல் ரோமியோ, ஜூலியட் உட்பட ஐந்து ரகங்களை வெளியிட்டது. குட்டை என்பதில் லாபமும் உண்டு, கீழ்க்கிளைகள் பனிக்குள் புதைந்து காற்றின் குளிரிலிருந்து தப்பிக்கின்றன. தன் மகரந்தமே போதும் என்பதால் ஒற்றைச் செடியும் காய்க்கும்.

"அப்ப ஐஸ்பெட்டியில வெச்சா?" என்றார் அம்மா. சிரிக்க வந்தது, ஆனால் கேள்வி சரியானது. கிழக்கு ஜாவாவில் மாலாங் பக்கம் ஆப்பிள் மரங்களின் இலையைக் கையால் உருவியே, குளிர் இல்லாமல் பூக்க வைக்கிறார்கள். மொட்டு ஆழ்ந்து தூங்குமுன் எழுப்பிவிடும் வேலை அது. என் கன்று ஏற்கெனவே தூங்கிவிட்டது. ஆயிரம் மணி என்றால் 42 நாள். இலையை உருவி, தொட்டியோடு கீழ்த்தட்டில் 4 டிகிரியில் வைத்திருக்கிறேன். இன்று பதினோராம் நாள். பழங்கள் விடும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும் என்பதால் மாம்பழமெல்லாம் மேசைக்கு வந்துவிட்டது, வீடு முழுக்க மணம், எறும்பும்.