வாரம் பத்து நிமிஷம் ஓட்டி வைத்தால் விமான எஞ்சின் கெடும்

இந்த மாதமும் அப்படிக் கெட்ட எஞ்சின் ஒன்று எங்களிடம் வந்தது. ஆயில் ஃபில்டரை வெட்டித் தாளை விரித்தால் மடிப்பெல்லாம் மினுமினுவென்று இரும்புத் துகள். காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டது. பழைய செஸ்னா 172 என்ற சிறு விமானம், லைகமிங் கம்பெனியின் ஓ-320 எஞ்சின். ஒரு சிலிண்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அதில் உரசும் டாப்பெட்டின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். இனி எஞ்சினின் வெளிக்கூடான கிரேங்க்கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். உரிமையாளர் கேட்டார்: "வாரா வாரம் பத்து நிமிஷம் தரையிலயே ஓட விடுறோமே சார்?"

அதனால்தான் சார் கெட்டது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அது ஆவியாகி வெளியேறும். பத்து நிமிஷத்தில் அந்தச் சூடு வரவே வராது. சிலிண்டர் சூடு ஏறுகிறதே என்பார்கள். அது தரையில் காற்று போதாமல் ஏறுவது; ஆயிலின் சூடு வேறு. ஆக, ஒவ்வொரு முறையும் உள்ளே தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறீர்கள். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, ஆயில் வடிந்து துரு பிடிப்பதும் அங்கேதான்.

30 நாளுக்குள் ஒரு முறையாவது, ஆயில் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில், தொடர்ந்து 1 மணி நேரம் பறக்க வேண்டும்; தரையில் ஓட்டுவது அதற்கு ஈடாகாது. இது லைகமிங்கே சொல்வது. உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊரில் 30 நாளே அதிகம்.

பறக்க முடியவில்லையா, ஸ்டார்ட் செய்யாமல் விடுங்கள். ப்ரொபெல்லரைக் கையால் சுற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம். சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கும் ஆயிலையும் அது வழித்துவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிக் கையே போய்விடும். ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேர ஓட்டம் அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். மணி ஆகவில்லையே என்று, ஓடிய நேரம் எழுதும் லாக்புக்கைக் காட்டாதீர்கள்.

ரொம்ப நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து முன்கூட்டியே உங்கள் எஞ்சினியரிடம் சொல்லுங்கள். துரு தடுக்கும் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இருந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் போட்டுத் தருவோம். அதிலுள்ள நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். விமானம் நிற்கும் ஹேங்கரில் வேலை செய்யும் பையனே பார்த்துச் சொல்லிவிடலாம். உடனே கூப்பிடுங்கள், மாற்றித் தருகிறோம்.