போர் விமானங்கள் நடுவானில் எரிபொருள் பெறுவது எப்படி?

2018 செப்டம்பர் 10 அன்று, 20,000 அடி உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்த தேஜஸ் போர் விமானம் ஒன்று, இந்திய விமானப்படையின் ஐஎல்-78 டேங்கர் விமானத்திலிருந்து 1,900 கிலோ எரிபொருளைப் பெற்றுக்கொண்டது. குவாலியரில் தரையில் இருந்தபடி பொறியாளர்கள் அதைக் கண்காணித்தார்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, எரிபொருளைப் பாய்ச்சாமல், குழாயுடன் இணைவதையும் பிரிவதையும் மட்டும் தனியாகச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அப்படிப் பிரித்துச் சோதித்ததற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழில்நுட்பத்தில் பம்பு, குழாய், வால்வு ஆகியவை ஒப்பீட்டளவில் எளியவை. ஒரு விமானம் கிளப்பிவிடும் காற்றுக்குள் இன்னொரு விமானம் அசையாமல் நிற்பதுதான் கடினம்.

நெடுந்தொலைவு பறப்பதற்காக மட்டுமே இந்த ஏற்பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு இணையான இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்த விமானத்துக்கும் ஓடுபாதையிலிருந்து எழும்புவதற்கென்று ஓர் எடை வரம்பு உண்டு. போர் விமானத்தில் ஆயுதங்களை முழுமையாக ஏற்றினால், அந்த வரம்புக்குள் நிற்பதற்காக எரிபொருளைக் குறைக்க நேரிடும். வெப்பம் மிகுந்த நாளிலும், உயரமான இடத்தில் உள்ள விமானத் தளத்திலும் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இந்த நெருக்கடி இன்னும் கூடும். குறைந்த எரிபொருளுடன் எழும்பி, மேலே சென்றபின் டாங்கியை நிரப்பிக்கொண்டால் ஆயுதத்தையும் விட வேண்டியதில்லை, தொலைவையும் விட வேண்டியதில்லை.

குழாய் வழியே இப்படி எரிபொருள் தரும் முதல் முயற்சி 1923-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. மேலே பறந்த விமானத்திலிருந்து தொங்கவிட்ட குழாயைக் கீழே பறந்த விமானத்தில் இருந்தவர் கையால் பிடித்து டாங்கியில் செருகினார்; எரிபொருள் தன் எடையால் கீழே இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்த முறையில் ஒரு விமானம் தரையிறங்காமல் 37 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தது. ஒற்றை இருக்கை கொண்ட ஜெட் விமானங்கள் வந்தபின் கையால் பிடிக்கும் முறைக்கு இடமில்லாமல் போயிற்று. பிரிட்டனின் ஆலன் காபம் நிறுவிய நிறுவனம் அதற்கு ஒரு மாற்றைக் கண்டுபிடித்தது. 1949 ஆகஸ்ட் 7 அன்று ஒரு மீட்டியர் ஜெட் விமானம், லங்காஸ்டர் விமானம் ஒன்றிலிருந்து புதிய முறையில் மீண்டும் மீண்டும் எரிபொருள் பெற்று, 12 மணி நேரத்துக்கு மேல் வானிலேயே இருந்தது. தேஜஸ் இன்று பின்பற்றுவதும் அடிப்படையில் அதே முறைதான்.

டேங்கரின் இறக்கைக்குக் கீழே ஒரு கூடு தொங்குகிறது. அதற்குள் இருக்கும் உருளையில் இருபது மீட்டருக்கும் அதிகமான நெகிழ்குழாய் சுற்றப்பட்டிருக்கும். குழாயின் நுனியில் ட்ரோக் எனப்படும் கூடை இருக்கிறது. இறகுப் பந்தின் இறகுகள் அதன் தலையை முன்னோக்கி நிறுத்துவதைப் போல, இந்தக் கூடை காற்றின் இழுவையால் குழாயை விறைப்பாகவும் நேராகவும் வைத்திருக்கிறது. கூடையின் நடுவே வால்வுடன் கூடிய இணைப்பு வாய் இருக்கும். பெறுகின்ற விமானத்தின் மூக்கருகே ப்ரோப் என்ற உலோகக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். ப்ரோப்பின் நுனி அந்த வாய்க்குள் நுழைந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

பெறுகின்ற விமானம் கூடைக்குச் சில மீட்டர் பின்னால், சற்றுத் தாழ்ந்து வந்து, வேகத்தை டேங்கருடன் பொருத்தி நிற்கிறது. அனுமதி கிடைத்ததும் விமானி உந்துவிசையை மிகச் சிறிதளவு கூட்டுகிறார். டேங்கரைவிட 3 முதல் 5 நாட் வரை, அதாவது மனிதர் விரைந்து நடக்கும் அல்லது மெல்ல ஓடும் அளவுக்கு மட்டுமே, அவருடைய வேகம் அதிகமாக இருக்கலாம். அதைவிட மெதுவாக வந்தால் பூட்டு விழாது. வேகமாக வந்தால் குழாய் தளர்ந்து அதில் ஓர் அலை எழும். அந்த அலை டேங்கர் வரை சென்று திரும்பி வரும்போது ப்ரோப்பின் நுனியையே முறித்துவிடக்கூடும். இதைத் தவிர்ப்பதற்காகவே, தளரும் குழாயை உருளை உடனுக்குடன் சுற்றி இழுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அதையும் மீறி விசை கூடினால் விமானத்துக்குப் பெரிய சேதம் வராமல் நுனி மட்டும் உடையும்படி, ப்ரோப்பில் வேண்டுமென்றே ஒரு வலுக்குறைந்த பகுதியை வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னேறும் விமானத்தின் மூக்கு தனக்கு முன்னால் உள்ள காற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்று கூடையையும் சேர்த்துத் தள்ளுகிறது. ஆகவே, சரியாகக் குறி வைத்து வந்தாலும் கடைசி ஒரு மீட்டரில் கூடை விலகிப் போகும். அதைத் துரத்தத் தொடங்கும் விமானி பெரும்பாலும் தோற்றுவிடுவார். எனவே கூடையையே உற்றுப் பார்க்காமல் டேங்கரையும் அதன் கூட்டையும் பார்த்துப் பறக்கவும், மூக்கு வரும்போது கூடை எங்கே விலகும் என்பதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளவும் பயிற்சி அளிக்கிறார்கள்.

பூட்டு விழுந்தபின் விமானி இன்னும் சற்று முன்னே செல்கிறார். உருளை அந்த அளவுக்குக் குழாயைச் சுற்றிக்கொள்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் வந்ததும் வால்வு திறக்கிறது, கூட்டின் பின்புறத்தில் பச்சை விளக்கு எரிகிறது. நிரம்ப நிரம்ப விமானத்தின் எடை கூடுவதால், இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளத் தொடர்ந்து உந்துவிசையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. டேங்கரின் இறக்கைகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றையும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. எடை மிகுந்த விமானங்களுக்கு அந்த உயரத்தில் உந்துவிசை போதாதபோது, இரண்டு விமானங்களும் இணைந்த நிலையிலேயே மெல்லத் தாழ்ந்து பறந்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் உண்டு.

அமெரிக்க விமானப்படை வேறு வழியில் சென்றது. குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெருமளவு எரிபொருளை விரைவாகத் தர வேண்டும் என்பதற்காக, போயிங் நிறுவனம் பூம் என்ற விறைப்பான, நீண்டு சுருங்கும் குழலை உருவாக்கியது. 1957-இல் பணியில் சேர்ந்த கேசி-135 டேங்கரில், வால்பகுதியில் குப்புறப் படுத்திருக்கும் இயக்குநர், பூமில் உள்ள சிறு இறக்கைகளைத் திருப்பி அதை நகர்த்திச் சென்று, பெறுகின்ற விமானத்தின் முதுகில் உள்ள துளையில் செருகுகிறார். இங்கே பெறுகின்ற விமானியின் பொறுப்பு தன் இடத்தில் நிலைத்து நிற்பது. பூம் வழியாக நிமிடத்துக்கு இரண்டரை டன்னுக்கும் மேல் பாய்ச்ச முடியும். நெகிழ்குழாயால் அந்த அளவை எட்ட முடியாது. ஆனால் ஒரு பூமில் ஒரு நேரத்தில் ஒரு விமானம்தான் நிற்க முடியும். ஐஎல்-78-இல் மூன்று கூடுகள் உண்டு. போர் விமானங்களே பெரும்பாலாக உள்ள நமது படைக்குக் குழாயும் கூடையுமே பொருத்தம் என்பது என் கருத்து. ப்ரோப் பொருத்திய தேஜஸ் விமானங்களுடன் 18-வது படைப்பிரிவு 2020 மே 27 அன்று கோவையை அடுத்த சூலூரில் மீண்டும் செயல்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது.

பூமிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1966 ஜனவரி 17 அன்று, ஸ்பெயினின் பலோமரேஸ் அருகே, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று எரிபொருள் பெற நெருங்கியபோது கேசி-135 டேங்கருடன் மோதியது. இரண்டும் அழிந்தன; ஏழு பேர் உயிரிழந்தனர். பி-52 சுமந்து சென்ற நான்கு ஹைட்ரஜன் குண்டுகளும் விழுந்தன.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைப்பது டேங்கர்களின் கணக்கு. டேங்கரும் எரிபொருளை எரித்துத்தான் பறக்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்பி வரவும் அதற்கு எரிபொருள் தேவை. தொலைவு ஓர் அளவைத் தாண்டினால், டேங்கருக்கே இன்னொரு டேங்கர் கொடுக்க வேண்டும். கொடுத்தவை ஒவ்வொன்றாகத் திரும்ப, மற்றவை முன்னே செல்ல வேண்டும். 1982-இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்த ஃபாக்லாந்து தீவுப் போரின்போது, ஏப்ரல் 30 இரவு, அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து சுமார் 6,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுபாதையைத் தாக்குவதற்காக பிரிட்டன் 2 வல்கன் குண்டுவீச்சு விமானங்களையும் 11 விக்டர் டேங்கர்களையும் அனுப்பியது. இலக்கை எட்ட வேண்டியது ஒரே ஒரு வல்கன்தான். முதன்மை வல்கன் கோளாறால் தொடக்கத்திலேயே திரும்பிவிட, மார்ட்டின் விதர்ஸ் ஓட்டிய மாற்று விமானம் முன்னே சென்றது.

தெற்கே வெகுதொலைவில், இடியும் மின்னலுமான வானில், இறுதிவரை செல்ல வேண்டிய விக்டர் எரிபொருள் பெற்றுக்கொண்டிருந்தபோது அதன் ப்ரோப் உடைந்தது. அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்த விக்டரின் விமானி பாப் டக்ஸ்ஃபோர்ட் உடனே பொறுப்பை மாற்றிக்கொண்டார்: கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தானே வல்கனுடன் தொடர்ந்தார். ப்ரோப் உடைந்தால் பெற முடியாது. ஆனால் தன் குழாய் வழியே கொடுக்க முடியும் என்பதால்தான் அது இயன்றது. கடைசி முறை வல்கனுக்கு ஊற்றியபின், திட்டமிட்ட அளவைவிடக் குறைவாகவே கொடுத்தும், அவருடைய டேங்கரில் அசென்ஷன் வரை திரும்புவதற்கு எரிபொருள் இல்லை. தாக்குதல் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால் உதவி கேட்டு வானொலியில் பேசவும் வழியில்லை. வல்கன் வீசிய 21 குண்டுகளில் ஒன்று ஓடுபாதையில் விழுந்தது. வெற்றியைத் தெரிவிக்கும் சங்கேதச் சொல் காதில் விழுந்தபின்தான் டக்ஸ்ஃபோர்டின் குழுவினர் தங்களுக்கு ஒரு டேங்கர் வேண்டும் என்று கேட்டார்கள். அசென்ஷனிலிருந்து புறப்பட்டு வந்த இன்னொரு விக்டர் அவர்களைச் சந்தித்து எரிபொருள் கொடுத்தது. வல்கனும் திரும்பும் வழியில், பிரேசில் கடற்கரைக்கு அப்பால் காத்திருந்த மற்றொரு விக்டரிடமிருந்து எரிபொருள் பெற்றே அசென்ஷனை அடைந்தது.