செருப்புக்கடியும் ஆவாரம்பட்டையும்

புதுச் செருப்பு கடிக்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாப் புதுச் செருப்பும் கடிப்பதில்லை. நுரை வைத்த செருப்பு முதல் நாளே பஞ்சுபோல இருக்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலால் தைத்த செருப்போ முதல் இரண்டு வாரம் காலைப் பாடாய்ப் படுத்திவிட்டுப் பிறகுதான் இணங்கிவரும். காலுக்குச் சுகமானது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லி விற்கும் சிறு கடைகளில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. போட்டுப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் வெல்வது நுரைதான். அந்த ஒரு நிமிடத் தீர்ப்பை அவ்வளவாக நம்பக்கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணம் தோலின் வேதியியலில் இருக்கிறது.

கடி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கொப்புளம். நடக்கும்போது பாதத்தின் எலும்புகள் சருமத்துக்கு அடியில் முன்னும் பின்னும் நகர்கின்றன. செருப்பின் வாரோ சருமத்தின் மேற்பரப்பைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இழுபறியில் மேல்தோலின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. சருமத்தில் இலேசான ஈரம் இருந்தால் உராய்வு இன்னும் கூடும். உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் உள்ளங்காலும் ஒன்று என்பதால், அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே நல்ல வார் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: அணிபவரின் காலுக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், வியர்வையைத் தன்னுள் வாங்கி வெளியே விட வேண்டும்.

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, அதன் உடம்பு முழுவதும் கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல்தான். ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது. நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். இந்தப் பச்சைத் தோலை ஈரமாகவே விட்டால் அழுகிப்போகும். உலரவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பறையில் இழுத்துக் கட்டிய தோல் போல விறைத்துவிடும். ஈரத்தோடு சூடாக்கினால் 60 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் முறுக்கு அவிழ்ந்து சுருண்டுபோகும். பதனிடுதல் என்பது இம்மூன்று கேடுகளையும் தடுக்கும் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நம் நாக்கு ஏற்கெனவே அறியும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தாலோ கடுக்காயை வாயில் இட்டாலோ நாக்கு வறண்டு இழுப்பதுபோல் ஒரு துவர்ப்பு வருகிறதே, அது டானின் என்னும் பொருளின் செயல். டானின் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள்) ஏராளமாக இருக்கின்றன; அவை எச்சிலில் உள்ள புரதங்களை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் மெல்லிய ஈர்ப்புகளால் பற்றித் திரளச் செய்கின்றன. வழுவழுப்புத் தந்த புரதம் விலகிவிடுவதால் வாய் சொரசொரக்கிறது. பட்டைச் சாற்றில் ஊறும் தோலிலும் இதே வினைதான் நடக்கிறது: டானின் கொலாஜன் இழைகளுக்கு இடையே நுழைந்து, பல இடங்களில் ஒரே சமயத்தில் கைகோத்து, இழைகள் ஒட்டிக்கொள்ளாதபடி இடைவெளி காத்து, நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாதபடி புரதத்தை மாற்றிவிடுகிறது. சுருங்கும் வெப்பநிலையும் 75 முதல் 85 டிகிரி வரை உயர்கிறது. நம் முன்னோர் ஆறு சுவைகளில் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணினார்கள்; அதே துவர்ப்பு நம் செருப்பையும் காத்து வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நெடுங்காலம் கைகொடுத்தது ஆவாரம்பட்டை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பூவின் மருத்துவப் பெருமையைப் பேசும் பழமொழி பட்டையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் சென்னை மாகாணத்திலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான தோலைப் பதப்படுத்தியது அந்தப் பட்டைதான். சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோலை முதலில் செறிவு குறைந்த சாற்றிலும், படிப்படியாகச் செறிவு கூடிய சாற்றிலும் வாரக்கணக்கில் ஊறவைத்து, இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் நிறத்தைத் தெளிவாக்குவார்கள். எடுத்தவுடனேயே செறிந்த சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகிக்கொண்டு, உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பொறுமை. ஆங்கிலேயர் காலத்தில் இத்தோலுக்குக் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் அமைந்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பிற்காலத்தில் வாட்டில் என்னும் வேல இன மரத்தின் பட்டைச் சாறு ஆவாரையின் இடத்தைப் பெருமளவுக்குப் பிடித்துக்கொண்டது.

இனி, கடித்த செருப்பு இணங்குவது எப்படி என்று பார்க்கலாம். ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானதன்று. நீர் மூலக்கூறு அருகில் வந்தால் பிடியை விட்டு நீரைப் பற்றிக்கொள்ளும், நீர் போனதும் மீண்டும் அருகில் கிடைப்பதைப் பற்றும். காலின் வியர்வையும் சூடும் படும்போது இப்பிணைப்புகள் சற்றே தளர்கின்றன. நடையின் அழுத்தத்தில் இழைகள் இலேசாக நகர்கின்றன. இரவில் செருப்பு உலரும்போது நகர்ந்த இடத்திலேயே மீண்டும் பிணைந்துகொள்கின்றன. இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்தால், பெருவிரல், குதிகால் ஆகியவற்றின் அச்சு அடித்தோலில் பள்ளமாகப் பதிந்துவிடும். எடை அந்தப் பள்ளம் முழுவதும் பரவுவதால் ஓர் இடத்தில் குவியும் அழுத்தம் குறைகிறது. ஈரமான காற்றில் இத்தோல் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நீராவியை, தொட்டால் நனைந்ததாகத் தோன்றாமலே, வாங்கி வைத்துக்கொள்ளவும் வல்லது.

நுரையின் கதை நேரெதிர். செருப்புகளில் பரவலாக இருக்கும் எத்திலீன் வினைல் அசிடேட் நுரை, காற்று அடைபட்ட நுண்குமிழிகளின் திரள். குமிழி அமுங்கி மீள்வதுதான் அந்த மென்மை. ஆயிரக்கணக்கான அடிகள் பட்டபின் குமிழிகளின் சுவர் வளைந்து தளர்கிறது, வாயு மெல்லக் கசிகிறது, நுரை தட்டையாகிறது. பாலியூரித்தேன் நுரைக்கு வேறொரு நோய்: அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரமே அறுக்கும். விசேஷத்துக்கென்று அலமாரியில் பொத்திவைத்த ஷூவின் அடிப்பாகம், சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்ட அன்றே நனைந்த ரொட்டி போல உதிர்ந்துவிடுவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். கடலோர ஊர்களின் காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

சூழலைப் பற்றிய பேச்சில்தான் கவனம் வேண்டும். உலகில் பெரும்பகுதித் தோல் இன்று குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. அது ஒரு நாளில் வேலையை முடிக்கும். தோல் மென்மையாகவும் கொதிநீரைத் தாங்குவதாகவும் அமையும். ஆனால் வழக்கமான முறையில், இட்ட குரோமியத்தில் 30 முதல் 40 விழுக்காடு தோலில் பிடிக்காமல் கழிவுநீரோடு போகிறது. பாலாற்றங்கரையில் இதன் விளைவு கண்கூடு. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக ஏற்றது. 2006-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளியிட்ட, உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அங்கே குவிந்திருந்த நச்சுக் கழிவில் பெரும்பகுதி குரோமேட் உப்பு தயாரித்த ஆலை ஒன்றிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குரோமியத்துக்கு வெவ்வேறு வேதி வடிவங்கள் உண்டு. பதனிட்ட தோலில் இருப்பது மூவிணைதிறன் வடிவம். தீங்கு மிகுந்தது அறுவிணைதிறன் வடிவம். அது ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் விதித்திருக்கிறது.

இதனால் பட்டையில் பதனிட்டது முழுத் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. எந்த முறையானாலும் தோல் கெடாதிருக்க முதலில் உப்பு இடுகிறார்கள். அந்த உப்பே நிலத்தடி நீரைக் கெடுப்பதில் முன்னிற்கிறது. டானின் கலந்த பழுப்புக் கழிவுநீரும் எளிதில் சிதையாது. சுத்திகரிக்காமல் விட்டால் ஆற்று நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். இயற்கை ரப்பரில் செய்த அடிப்பாகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மரப்பாலில் பிறந்தாலும், கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்தபின் அதன் சங்கிலிகள் குறுக்கே பிணைந்துவிடுவதால் மண்ணில் எளிதில் மட்காது. ஆகவே செருப்பு எதனால் ஆனது என்பதைக் காட்டிலும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கே நான் அதிக எடை தருவேன். அடிப்பாகத்தைப் பசையால் மட்டும் ஒட்டாமல் தைத்திருந்தால், தேய்ந்தபின் தையலைப் பிரித்துப் புது அடி போட முடியும்.

கடையில் சோதிக்க வழிகள் உண்டு. வாரின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: பட்டைத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும், குரோமியத் தோலின் உள்ளே பெரும்பாலும் நீலமோ சாம்பலோ தெரியும். கடைக்காரர் ஒரு துண்டுத் தோல் தந்தால், வீட்டில் கொதிநீரில் போடலாம். பட்டைத் தோல் சுருண்டுவிடும். வினிகரில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த நீரை ஒரு சொட்டு விட்டால் பட்டைத் தோல் கறுக்கும். இரும்பும் டானினும் சேர்ந்து தரும் இந்தக் கறுப்பே பழைய கடுக்காய் மையின் நிறமும் ஆகும். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அளவு பார்க்கப் போவது அந்த நேரத்தில் இருக்கட்டும்.

வாங்கிய செருப்பு மழையில் நனைந்தால் அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வைக்காமல் நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். நீர் வேகமாக வெளியேறினால் இழைகள் நெருங்கி ஒட்டிக்கொண்டு தோல் விறைக்கும். முழுதும் உலர்வதற்குள், சிறிது ஈரம் இருக்கும்போதே, துணியில் தொட்ட விளக்கெண்ணெயை மெல்லிதாகத் தடவினால், நீர் விட்டுச்சென்ற இடத்தில் எண்ணெய் புகுந்து இழைகளை வழுக்கவிடும். மறுநாள் செருப்பு கடிக்காது.