பின் இருக்கைக்கு வரும் புகை: பெரிய வாகனங்களில் கழிவுவாயுக் கசிவு

நீண்ட விடுமுறை நாள்களில் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூருக்குச் செல்லும் பேருந்துகள் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கி ஊர்ந்து செல்லும்போது, பின் இருக்கைகளில் அமர்ந்திருப்போர் சிலருக்குத் தலை கனத்துக் குமட்டல் எடுப்பதுண்டு. பேருந்தில் ஏறினாலே இப்படித்தான் என்று அவர்கள் அதைப் பயண மயக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் எஞ்சினின் கழிவுவாயு கசிந்து உள்ளே நுழைந்தாலும் இதே அறிகுறிகள்தாம் தோன்றும் என்பதால், அது எவ்வாறு நுழைகிறது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

எஞ்சினிலிருந்து வாயு சீரான ஓட்டமாக வெளிவருவதில்லை. வாயுவை வெளியேற்றும் ஒவ்வொரு வால்வும் திறக்கும்போது ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. டீசல் பேருந்தில் அது மேனிஃபோல்ட் எனும் சேகரிப்புக் குழாயில் சேர்ந்து, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுழற்றி, நெகிழ்குழாய் வழியாகப் புகைக்கரி வடிகட்டிக்கும் சைலன்சருக்கும் செல்கிறது. இப்பாதையில் பலவீனமான இடங்கள் இணைப்புகளே. வெப்பநிலை 400 பாகை செல்சியஸ் உயரும்போது, ஒரு மீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீள்கிறது; மேனிஃபோல்ட் போன்ற பாகங்களின் வார்ப்பிரும்பு அவ்வளவு நீள்வதில்லை. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு நாள்தோறும் சூடேற்றிக் குளிரவிட்டால், இணைப்பின் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் நசுங்கி, போல்ட் தளர்ந்து, நடுவில் இடைவெளி உண்டாகிறது. நெகிழ்குழாயின் மடிப்புகளில் அதிர்வினால் விரிசல் விழுகிறது. குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வாகனங்களிலோ, சைலன்சர் போதுமான அளவு சூடேறாததால் நீராவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகத் தேங்கி, உலோகத்தை உட்புறத்திலிருந்து அரிக்கிறது. காலையில் எஞ்சினை முடுக்கியதும் கேட்கும் 'டிக் டிக்' ஒலி சற்று நேரத்தில் மறைந்துபோனால், குறை சரியாகிவிட்டது என்று பொருளில்லை; சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கக்கூடும்.

குழாயில் ஓட்டை விழுந்ததாலேயே புகை பயணியை வந்தடைந்துவிடாது. அதற்கு ஒரு வழியும், அவ்வழியே இழுக்கும் அழுத்த வேறுபாடும் வேண்டும். பெட்டி வடிவான பேருந்து காற்றைப் பிளந்து செல்லும்போது, அதன் பின்சுவரை ஒட்டி அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உருவாகிறது. படகின் பின்னால் சுழலும் நீர் படகையே தொடர்ந்து வருவதைப் போல, இச்சுழல் வெளியேறிய புகையைப் பிடித்துவைத்துக்கொண்டு பேருந்தின் கூடவே வருகிறது. அந்நேரத்தில் கூரைத் திறப்பையோ முன்பக்க ஜன்னலையோ திறந்தால், உள்ளிருக்கும் காற்று அங்கே வெளியே உறிஞ்சப்பட்டு, அதற்கு ஈடான காற்று பின்புற இடுக்குகள் வழியாக நுழைகிறது. புகை வாடை வருகிறதே என்று ஜன்னலைத் திறப்பது, சில வேளைகளில் புகையை மேலும் உள்ளே இழுக்கும் செயலாகிவிடுகிறது. எஞ்சின் பின்னால் உள்ள பேருந்துகளில், எஞ்சினுக்கு மேலுள்ள தரைமூடியின் ரப்பர் விளிம்பும், மின்கம்பிகள் நுழையும் துளைகளும் முக்கியமான வழிகள். குளிரூட்டி உள்காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தால், நுழைந்த வாயு எளிதில் வெளியேறாது. குழாயை மாற்றிவிட்டு ரப்பரைப் பாராமல் விடும் பட்டறை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது என்பேன்.

உள்ளே வருவது எது என்பது எரிபொருளைப் பொறுத்தது. தேவைக்கு அதிகமான காற்றுடன் எரிவதால் டீசல் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு குறைவு. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளும், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் ஆல்டிஹைடுகளும், நுண்கரித் துகள்களும் உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. பெட்ரோல் எஞ்சினில் ஆபத்து வேறு விதமானது. ஒரு கசிவு அழுத்த அலைகளுக்கு நடுவே வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். அக்காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கண்ட, கழிவுவாயுவின் ஆக்சிஜனை அளக்கும் உணரி எரிபொருள் போதவில்லை என்று தவறாகக் கணிக்க, எஞ்சின் கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. அதனால் கார்பன் மோனாக்சைடு மேலும் பெருகுகிறது. வாடகைக்கு வீட்டுவண்டி எடுத்து மலேசியாவைச் சுற்றிவரும் குடும்பங்கள், இரவில் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். நின்றிருக்கும் வண்டியின் அடியிலிருந்து வெளியேறும் சூடான வாயு, சுவரை ஒட்டி மேலேறி ஜன்னல் வழியாக நுழையக்கூடியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தூய காற்றுக்கு வந்த பிறகும், இரத்தத்தில் சேர்ந்ததில் பாதி நீங்குவதற்கு 4 முதல் 5 மணி நேரம் ஆகும். ஒரு பயணம் முடிந்ததும் பயணி இறங்கிவிடுவார். அடுத்தடுத்து ஓட்டும் ஓட்டுநருக்கோ அது சேர்ந்துகொண்டே போகும். எனவே இது முதலில் ஓட்டுநரின் உடல்நலம் பற்றிய பிரச்சினை. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரும் இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டு, அளவு சரியாக இருப்பதாகக் காட்டிவிடும்.

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு முதல் புதிய டீசல் வாகனங்களுக்கு யூரோ 6 எனும் ஐரோப்பியப் புகை வெளியேற்றத் தரம் கட்டாயம். வாகனச் சோதனையில் டீசல் புகையின் அடர்த்தியும் அளக்கப்படுகிறது. ஆனால் அந்த அளவீடு குழாயின் முனையில் எடுக்கப்படுவது. நடுவழியில் கசிந்து தரைக்கு அடியில் பரவியது அங்கே தெரியாது. பொதுப் பேருந்துகள் அனைத்தையும் 2040க்குள் தூய எரிசக்திக்கு மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையம் திட்டமிட்டுள்ளது. அதுவரை டீசல் பேருந்துகளைக் கூர்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

கசிவைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இணைப்புகளைச் சுற்றி விசிறிபோல் படிந்த கரிக்கோடு முதல் அடையாளம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, குழாயின் முனை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் எழும். டர்போவுக்கு முன்னால் கசிந்தால் எஞ்சினின் இழுவிசை குறைந்து கரும்புகை கூடலாம் என்பதால், ஓட்டுநரின் புகாரையும் மெக்கானிக் கேட்டறிய வேண்டும். பழுது நீக்கிய பின், எல்லாக் கதவுகளையும் மூடி, எஞ்சினையும் குளிரூட்டியையும் ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு மானியைக் கடைசி வரிசை இருக்கையிலும் ஓட்டுநர் இருக்கையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதும் இதையே மீண்டும் செய்ய வேண்டும், ஏனெனில் பின்சுவரின் சுழல் வேகத்தில்தான் உருவாகும்.