டொரன்ட்டில் அப்லோடை அடைத்தால் டவுன்லோட் ஏன் படுத்துக்கொள்கிறது?

வீட்டில் ஏடிஎஸ்எல், அதாவது தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைய இணைப்பு இருந்த காலம். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் புதுப் பதிப்பு வெளிவந்த அன்றே அதன் டிவிடியை டொரன்ட்டில் (இறக்குபவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் முறை) இறக்க ஆரம்பித்தேன். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று கணக்கு பார்த்துச் செலவழித்த நாட்கள் அவை. நம் காசில் ஊராருக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று, அப்லோட் வேகத்தை நொடிக்கு 2 கிலோபைட்டில் கட்டிப்போட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்பு வேறு. கொஞ்ச நேரத்தில் 90 கிலோபைட்டில் ஓடிக்கொண்டிருந்த டவுன்லோட் 15க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. லைனில்தான் கோளாறு என்று மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். கோளாறு லைனில் இல்லை, நான் போட்ட வரம்பில் இருந்தது.

சாதாரண டவுன்லோடில் ஒரு சர்வர் கொடுக்கும், நாம் வாங்குவோம். டொரன்ட்டில் அப்படி ஒரு நடுநாயகம் கிடையாது. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். துண்டு 256 கிலோபைட் என்றால், 4 ஜிபி கோப்பில் 16,384 துண்டுகள். முழுக் கோப்பும் கையில் உள்ளவர் சீடர் (குருவின் சீடர் இல்லை, விதைப்பவர் என்ற பொருளில் seeder). இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர் பியர். கையில் இருக்கும் துண்டைக் கொடுத்து இல்லாததை வாங்குவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் அளவில் ஒரு கைரேகை, நாம் முதலில் திறக்கும் சின்ன டொரன்ட் கோப்பிலேயே இருப்பதால், முகம் தெரியாதவர் அனுப்பிய துண்டு சரியானதுதானா என்று உடனே சோதித்துவிடலாம்.

பிட்டொரன்ட் என்ற இந்த முறையை 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்டபோது, கோப்புப் பகிர்வு வலைகளுக்கு ஏற்கெனவே ஒரு நோய் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நூடெல்லா என்ற வலையை ஆராய்ந்தவர்கள், அதில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் எதையுமே பகிர்வதில்லை என்று கண்டிருந்தார்கள். எல்லோரும் சாப்பிட வருகிறார்கள், அடுப்படிப் பக்கம் ஆளே இல்லை. கோஹன் யாருக்கும் புத்தி சொல்லப் போகவில்லை. கொடுக்காதவனுக்குக் கிடைக்காது என்பதை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டார்.

நம் ஊர் மொய் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினி ஐம்பது பேரோடு தொடர்பில் இருந்தாலும், ஒரே சமயத்தில் அனுப்புவது நான்கு பேருக்குத்தான். கோஹனின் மூல வடிவமைப்பு அப்படி. அந்த நான்கு பேர் யார்? சமீபத்தில் உங்களுக்கு வேகமாக அனுப்பியவர்கள். பத்து நொடிக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி, குறைவாக எழுதியவரை இறக்கிவிட்டு அதிகம் எழுதியவரை ஏற்றும். எதிர்முனையில் இருப்பவரின் கணினியும் உங்களைப் பற்றி இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கும். நான் 2 கிலோபைட்டை நான்காகப் பங்கிட்டுத் தலைக்கு அரை கிலோபைட் கொடுத்தேன். அத்தனை பேர் நோட்டிலும் என் பெயர் கடைசி வரிக்குப் போய்விட்டது.

அப்படியென்றால் அந்த 15 கிலோபைட் மட்டும் எங்கிருந்து வந்தது? நான்கு இடங்களில் ஒன்று எப்போதும் கணக்கு பார்க்காமல் யாரோ ஒருவருக்கு ஒதுக்கப்படும். முப்பது நொடிக்கு ஒருமுறை ஆள் மாறும். கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாக வருபவருக்கு முதல் துண்டு கிடைக்க வேண்டுமே, அதற்காக வைத்த ஏற்பாடு. அந்தத் தர்மத்தில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். (சீடர்கள் மலிந்த பழைய டொரன்ட்டாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். சீடருக்கு நம்மிடமிருந்து வாங்க எதுவும் இல்லாததால் அவரிடம் இந்த மொய்க் கணக்கு செல்லாது.)

சரி, கட்டை மொத்தமாக அவிழ்த்துவிடலாம் என்று அடுத்த தவறையும் செய்தேன். டவுன்லோட் ஏறியது, அப்புறம் மூச்சுத் திணறியது. பிரௌசரில் ஒரு பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆனது. காரணம், இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி என்ற விதிமுறை வேலை செய்யும் விதம். நமக்கு ஒரு பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) வந்து சேர்ந்தால் ‘வந்துவிட்டது’ என்று ஒரு ரசீது திரும்பப் போக வேண்டும். ரசீது தாமதமானால், வழியில் நெரிசல் போலிருக்கிறது என்று அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அந்த ரசீது போவது அப்லோட் பாதையில். ஏடிஎஸ்எல்லில் டவுன்லோட் நாலுவழிச் சாலை என்றால் அப்லோட் ஒற்றையடிப் பாதை. அதில் டொரன்ட் துண்டுகளை அடைத்துவிட்டால், குட்டி ரசீதுகள் மோடத்தின் வரிசையில் பின்னால் நின்று காத்துக்கிடக்கும்.

ஆக, அப்லோடை அடைக்கவும் கூடாது, முழுக்கத் திறக்கவும் கூடாது. உண்மையான அப்லோட் வேகத்தை ஒருமுறை அளந்து, அதில் 80 சதவீதம் அளவில் வரம்பு வைப்பது வழக்கம். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இணைப்புக்காரர்கள் மெகாபிட்டில் சொல்வார்கள், டொரன்ட் நிரல் கிலோபைட்டில் கேட்கும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 10 மெகாபிட் என்பது 1,250 கிலோபைட். வரம்பு 1,000 போதும். ரசீதுகள் காத்துக்கிடக்கும் அந்தச் சிக்கலுக்காகவே வந்ததுதான் மைக்ரோ டிரான்ஸ்போர்ட் புரோட்டோகால் என்ற அனுப்பும் முறை. நம் மோடத்தின் வரிசையில் தாமதம் 100 மில்லிநொடியை நெருங்கினாலே அது தானாக ஒதுங்கி வழிவிடும். இன்றைய நிரல்களில் பெரும்பாலும் இருக்கிறது. யாராவது சொன்னார்கள் என்று அதை அணைத்து வைக்காதீர்கள்.

இன்னொரு தடை கதவு. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினி வெளியே போய்ப் பேசலாம். வெளியாள் வந்து கதவைத் தட்ட முடியாது. இரண்டு பேர் வீட்டுக் கதவும் பூட்டியிருந்தால் அவர்கள் சந்திப்பது கடினம். கூட்டத்தில் நூறு பேர் இருந்தும் நமக்குப் பாதிப் பேர் எட்டாமல் போவது இதனால்தான். ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை (நிரல் கேட்டால் ரவுட்டரே வழி திறந்துவிடும்) இயக்கினால், அல்லது ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட வாசலை, நாமே கணினிக்குத் திருப்பிவிட்டால், கதவு திறக்கும். ஆனால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால், நம் கதவுக்கு வெளியே இணைப்புக்காரரின் கேட் ஒன்றும் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ரவுட்டரில் என்ன செய்தாலும் பலனில்லை. ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி இருந்தால் அந்த வழியைப் பார்க்கலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், முடிவடையாத இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்தில் 10க்கு மேல் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பை உடைக்க ஒரு பேட்ச் (ஒட்டு நிரல்) ஊரெல்லாம் சுற்றியது. நானும் போட்டேன். வேகம் கூடிய மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் பேட்சுக்குச் சம்பந்தமில்லாததும் வேகமாகத்தான் ஓடியது.

கடைசியாக, 99 சதவீதத்தில் நிற்கும் மர்மம். கூட்டத்தில் யாரிடமும் அதிகம் இல்லாத துண்டையே முதலில் வாங்கு என்பது டொரன்ட்டின் விதி. ஒரே சீடர் கணினியை அணைத்துவிட்டுப் போவதற்குள் அரிய துண்டுகள் நாலு கைகளுக்குப் பரவிவிட வேண்டும் என்பதே நோக்கம். பரவிவிட்டால், இறுதியில் மிஞ்சும் சில்லறையை எல்லோரிடமும் ஒரே சமயத்தில் கேட்டு, முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடும். பரவாமல் போனால்தான் சங்கடம். நிரலில் அவெய்லபிலிட்டி என்று ஓர் எண் இருக்கும். 3.2 என்றால் கூட்டத்தில் மூன்று முழுப் பிரதிகளுக்குச் சரக்கு உண்டு. 0.994 என்றால், ஒரு முழுப் பிரதிக்குக் குறையும் அந்த 0.6 சதவீதம் கூட்டத்தில் யாரிடமுமே இல்லை. போர்ட்டைத் திறந்தாலும் வரம்பை மாற்றினாலும் அது வராது. எங்கோ ஒருவர், எப்போதோ இறக்கி வைத்ததை மறந்துபோனவர், தன் பழைய கணினியைத் திறக்கும்வரை டொரன்ட்டை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டியதுதான். எனக்கு ஒருமுறை பதினேழு நாள் ஆனது.