ஸ்ட்ரெட்ச் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

ஆடி மாதத்துக்காக ஓர் அம்மன் பாட்டு. டிராக் (குரல் இல்லாத பின்னணி இசை) 5 நிமிடம், 5 கட்டை சுருதி. வெளியூரில் இருக்கும் பாடகிக்கு அனுப்பினோம். வீட்டிலேயே மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் வைத்துப் பாடி அனுப்புகிறவர், சுருதி பிசகாதவர். இரண்டு நாளில் குரல் வந்தது. என் செஷனில், அதாவது ரெக்கார்டிங் மென்பொருளில் இந்தப் பாட்டுக்காகத் திறந்த புராஜெக்ட்டில், போட்டால் பல்லவி முடிவதற்குள் குரல் டிராக்கை விட்டு முன்னால் ஓடிவிட்டது. சுருதியும் ஒட்டவில்லை. போன் செய்து கேட்டேன். "உச்சத்துல தொண்டை இழுத்துச்சு சார், எனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார்.

அவருடைய தொண்டையில் ஒரு குறையும் இல்லை. நான் அனுப்பிய டிராக்கின் சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடி ஒலியை எத்தனை துண்டாகப் பதிகிறோம் என்ற எண், 44.1 கிலோஹெர்ட்ஸ்; அவருடைய செஷன் 48. தன் செஷனின் ரேட்டுக்குக் கன்வர்ட் செய்யாமல் உள்ளே இழுத்திருக்கிறார். 5 நிமிட டிராக் அவருக்கு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்திருக்கிறது, ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் மேலே (ஒரு செமிடோன் என்பது அரைக் கட்டை, ஐந்திலிருந்து ஐந்தரை). அதாவது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராத ஓர் இடம். அதைக் கேட்டுக்கொண்டே, அதற்கு ஒத்தபடி, மிகச் சரியாகப் பாடியிருக்கிறார்.

இந்த வருடத்தில் எனக்கு இது ஆறாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயம். வேகம் மாறிய ஃபைலைப் பார்த்ததும் எல்லோருடைய கையும் டைம் ஸ்ட்ரெட்சுக்குத்தான் போகிறது. என் உதவியாளர் தம்பியும் அதையே செய்தான். "நீளத்தை இழுத்துச் சரி பண்ணிட்டேன் சார்" என்றான். நீளம் சரியாகிவிட்டது, சுருதி அப்படியே மேலேயே நின்றது. ஸ்ட்ரெட்ச் என்பதே சுருதியைத் தொடாமல் நீளத்தை மட்டும் மாற்றுவதற்கான கருவி. அடுத்து பிட்ச் ஷிஃப்ட் போட்டு இறக்கினான். இப்போது கமகம் எல்லாம் குழைந்து, மூச்சு தகரத்தில் உரசுகிற மாதிரி கேட்டது.

பழைய கிராமஃபோன் தட்டை நினைத்துப் பாருங்கள். 33-இல் ஓட வேண்டிய எல்.பி.யை 45-இல் விட்டால் பாட்டு வேகமாகவும் ஓடும், கீச்சென்றும் ஒலிக்கும். இரண்டும் ஒரே காரணத்தால் வருகிறவை, ஒன்றாகவே வரும், ஒன்றாகவே போகும். அதைச் சரிசெய்ய யாரும் ஸ்ட்ரெட்ச் செய்யவில்லை, வேகக் குமிழை 33-க்குத் திருப்பினார்கள். சாம்பிள் ரேட்டும் அப்படித்தான். ஒரு நொடிப் பாட்டு 44,100 துண்டாக இருக்கிறது. மெஷின் அதை நொடிக்கு 48,000 துண்டு என்ற கணக்கில் எடுத்தால் பாட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, ஒரு துண்டுகூடக் குறையவில்லை. எண்ணைச் சரியாகச் சொன்னால் போதும்.

இதை "குவாலிட்டி எண்" என்று நினைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். "48 பெட்டர்தானே சார்" என்று பாதி வேலையில் செஷனை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டரும் இல்லை, மட்டமும் இல்லை. சி.டி. உலகம் 44.1-இல் நிற்கிறது, சினிமாவும் வீடியோவும் 48-இல். நம் ஊரில் ஒரே பாட்டு இரண்டு உலகத்துக்கும் போவதால் மோதல் நிற்கவே நிற்காது. 16 பிட், 24 பிட் என்பது ஒவ்வொரு துண்டையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்ற வேறு கதை. எம்பி3-யின் 320 என்பது நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு, இன்னும் வேறு. அவை எதுவும் வேகத்தை மாற்றாது. தயவுசெய்து "எம்பி3-யை வேவ் (WAV) ஃபைலாக மாற்றிட்டேன், இன்னும் வேகமாத்தான் ஓடுது" என்று எனக்கு இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்.

சரி, என்ன செய்வது? சந்தேகப்படும் ஃபைலை ரெக்கார்டிங் மென்பொருளுக்கு வெளியே, சாதாரண பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் ஃபைல் நல்ல ஃபைல், உங்கள் செஷன்தான் அதைத் தப்பாகப் படிக்கிறது. அழித்துவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யுங்கள், இந்த முறை கன்வர்ட் கொடுத்து. புரோ டூல்ஸில் இம்போர்ட் பெட்டியிலேயே ஆட், கன்வர்ட் என்று தனித்தனியாக இருக்கும்; ரேட் வேறாக இருந்தும் ஆட் கொடுத்தால் வினை. கியூபேஸ் இம்போர்ட்டின்போது கேள்வி கேட்கும். படிக்காமல் ஓகே அழுத்தாதீர்கள். லாஜிக்கில் புராஜெக்ட் செட்டிங்ஸ், அசெட்ஸ் பகுதியில் இதற்கென்றே ஒரு டிக் இருக்கிறது. ரீப்பர், ஏபிள்டன் லைவ் போன்றவை ஓட்டும்போதே தாமாக மாற்றிக்கொள்ளும்.

பிளேயரிலும் தப்பாகவே ஓடினால் ஃபைலின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் எண்ணே பொய். அப்போது கன்வர்ட் செய்தால் பொய்யையும் சேர்த்துக் கன்வர்ட் செய்வீர்கள். எண்ணை மட்டும் திருத்த வேண்டும். ஆடாசிட்டி மென்பொருளில் அந்த டிராக்குக்கே உரிய மெனுவில் உள்ள 'ரேட்' அதைத்தான் செய்கிறது. மேலே பொதுவான டிராக்ஸ் மெனுவில் இருக்கும் 'ரீசாம்பிள்' அந்த வேலையைச் செய்யாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எந்த ரேட் என்று தெரியாவிட்டால் பாட்டின் சரியான நீளம், உங்களிடம் ஓடும் நீளம் இரண்டில் பெரியதைச் சிறியதால் வகுங்கள். 1.088 வந்தால் 44.1-48 சண்டை. சரியாக 2 வந்தால் 48-96, அல்லது 44.1-88.2. 1.04 என்றால் இது ஆடியோ தகராறே இல்லை, யாரோ நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25-இல் ஓட்டியிருக்கிறார்கள், எடிட்டரிடம் பேசுங்கள். சுருதி மாறாமல் வேகம் மட்டும் மாறியிருந்தால் மென்பொருள் தானாக டெம்போ கண்டுபிடித்து இழுத்திருக்கிறது. ஏபிள்டன் லைவில் இதைச் செய்யும் ஆட்டோ வார்ப்பை அணையுங்கள். ஆரம்பத்தில் சரியாக இருந்து, அரை மணி நேரக் கச்சேரி முடியும்போது லேசாக விலகினால் இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. அங்கே மட்டும் நீங்கள் கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் செய்துகொள்ளலாம், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

செஷனில் இருப்பது எல்லாமே ஒரே அளவில் மாறி ஒலித்தால் ஃபைலை விடுங்கள், இன்டர்ஃபேஸைப் பாருங்கள். வீடியோ காலுக்காகத் திறந்த பிரவுசர் அதை 48-க்கு இழுத்து வைத்திருக்கலாம். மேக்கில் ஆடியோ மிடி செட்டப், விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ், அங்கே போய் எண்ணைத் திருத்துங்கள். ரெக்கார்டிங் நேரத்தில் பிரவுசரை மூடுங்களேன், குடியா முழுகிப்போகும்?

டிராக் அனுப்புகிறவர்களுக்கு: ஃபைல் பெயரிலேயே ரேட்டை எழுதுங்கள். கூடவே பாட்டின் நீளம், கட்டை, பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) மூன்றையும் மெசேஜில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

பாடுகிறவர்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். மைக்கை ஆன் செய்வதற்கு முன் செஷனில் டிராக்கின் நீளம் எவ்வளவு என்று பாருங்கள். சுருதிப் பெட்டியையோ செயலியையோ சொன்ன கட்டையில் வைத்து டிராக்கோடு சேர்கிறதா என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. ஃபைல் தப்பாக வந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். தப்பான சுருதியில் பாடிய குரலைத் திருத்த வழியில்லை.

வழியில்லை என்று சும்மா சொல்லவில்லை. அந்த அம்மன் பாட்டில் முயன்று பார்த்தோம். அவருடைய 48 குரலை 44.1 என்று பொய் சொல்லி ஓட்டினால் கணக்கு கச்சிதம்: நீளம் 5 நிமிடம், சுருதி 5 கட்டை, தாளம் பிசகவில்லை. ஆனால் குரல் தடித்து, சளி பிடித்தவர் பாடுவதுபோல ஆகிவிட்டது. அவருக்கே அனுப்பினேன். "இது யாரு சார்?" என்று கேட்டார். மறுநாள் முதலிலிருந்து பாடி அனுப்பினார். உச்சத்தில் இந்த முறை தொண்டை இழுக்கவில்லை.